வலக்கண் இங்கே, இடக்கண் மதுரையில்

31 வருடம் தபாற்கந்தோர் கவுண்டருக்கு உள்ளே நின்றவள் நான். வரிசை என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பென்ஷன் நாளில் விடியவே வந்து படிக்கட்டில் குந்தியிருக்கும் வயோதிபர்களையும், "ஒரே ஒரு முத்திரைதான் மகள்" என்று பக்கவாட்டில் கையை நீட்டுபவர்களையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தே தலை நரைத்தது. 2021இல் ஓய்வு பெற்றேன். அதன் பிறகு அம்மாவின் இரண்டு கண்களுக்காக இரண்டு நாட்டு ஆஸ்பத்திரிகளில் கண்ணாடிக்கு மற்றப் பக்கம் நிற்க வேண்டி வந்தது. கொத்து ரொட்டிக் கடைக்கும் குளிரூட்டிக்கும் விமர்சனம் எழுதுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 81 வயது. இரண்டு கண்ணிலும் புரை. வலக்கண் 2022இல் இலங்கை அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் இலவசமாக. அந்த "இலவசம்" என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன். இடக்கண் 2024 செப்டெம்பரில் மதுரையில், தனியார் ஆஸ்பத்திரியில், காசு கட்டி. இடையில் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலும் விலை கேட்டோம். மதுரைக்கு வெளியே அகதி முகாமில் இருக்கும் சின்னம்மாவுக்கு அங்கே கண் சிகிச்சை முற்றிலும் இலவசமாக நடந்தது. ஆக நாலு வகைக்கும் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே ஆள் உண்டு.

முதலில் வலக்கண். தம்பி வேலை காரணமாக வேறு மாவட்டத்தில் வாடகைக்கு இருந்ததால் அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில்தான் அம்மாவைப் பதிந்தோம். பெயர் வேண்டாம். அங்கே கிளினிக் நாளில் காலை நாலரைக்கே போக வேண்டும். பூட்டிய கதவுக்கு முன்னால் சீமெந்து வாங்கு. அதன்மேல் கிளினிக் கொப்பிகள் வரிசையாக இருக்கும். ஆட்கள் எங்கேயாவது சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துகொண்டிருப்பார்கள், கொப்பிகள்தான் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றையும் சொப்பிங் பையில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, காற்றுக்குப் பறக்காதபடி மேலே ஒரு கல் வைத்திருப்பார்கள். கல் கிடைக்காத ஒருவர் ஒரு விளாம்பழத்தை வைத்திருந்தார். எட்டு மணிக்குப் பசித்ததும் அதையே படியில் தட்டி உடைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஓட்டைத் திரும்பவும் கொப்பியின்மேல் கவிழ்த்து வைத்தார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

அம்மாவின் கொப்பி அன்று 23ஆவது. கதவு திறந்ததும் ஊழியர் ஒருவர் வந்து எல்லாக் கொப்பிகளையும் இரண்டு கையாலும் வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். நாலரை மணியிலிருந்து காத்த ஒழுங்கு நாலு நொடியில் போய்விட்டது. அம்மாவைக் கூப்பிட்டது 41ஆவதாக. கந்தோரில் பதிவுத் தபால் கட்டை நான் அப்படிக் கலைத்திருந்தால் மறுநாளே விளக்கக் கடிதம் கேட்டிருப்பார்கள்.

டொக்டர் பார்த்தது இரண்டு நிமிடம். குறை சொல்லவில்லை. அவர் மேசையில் இன்னும் ஐம்பது கொப்பிகள் குவிந்திருந்தன, அவரும் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்ததாகத் தெரியவில்லை. "முற்றிவிட்டது, வெட்ட வேண்டும், திகதி வாங்குங்கள்." அவ்வளவுதான். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, வெட்டினால் காயம் ஆறுமா, இரண்டு கண்ணையும் ஒன்றாகச் செய்வார்களா, செய்த பின் தலை முழுகலாமா என்று வழி முழுக்க யோசித்து வைத்த கேள்விகள் எல்லாம் எங்கள் வாயிலேயே இருந்தன. அன்று பின்னேரமே அதே டொக்டரைத் தனியார் நிலையம் ஒன்றில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து, பார்த்தோம். 3,200 ரூபா. அதே மனிதர், அதே சட்டை. ஆனால் கதிரையை இழுத்துப் போட்டு, "அம்மா, என்ன பயம்?" என்று தொடங்கி 11 நிமிடம் கதைத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கவுண்டர் பழக்கம் விடவில்லை.

இந்த வித்தை எங்கள் நாட்டில் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1951இல் அரசு ஆஸ்பத்திரிக் கட்டணங்களை ஒழித்தார்கள். இன்று வரை யாரும் அடையாள அட்டை, வருமானச் சான்று எதுவும் காட்டாமல் நாட்டின் எந்த அரசு ஆஸ்பத்திரிக்குள்ளும் நடந்து போகலாம். கிராமத்து ஆஸ்பத்திரியின் கடிதம் இருந்தால்தான் பெரிய ஆஸ்பத்திரி பார்க்கும் என்ற கட்டுப்பாடும் இல்லை. 1977இல் அரசு டொக்டர்கள் வேலை நேரம் முடிந்தபின் தனியாராகப் பார்க்கலாம் என்று அனுமதித்தார்கள். அதிலிருந்து காலையில் ஒரு வாசல், பின்னேரம் ஒரு வாசல். விளைவு ஒரு வேடிக்கையான பழக்கம்: வாட்டில் தங்கிச் சிகிச்சை பெறுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அரசு ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கிறார்கள், ஆனால் வந்து காட்டிவிட்டுப் போகும் நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் தனியாரிடம் போகிறார்கள். பார்ப்பது தனியாரில், படுப்பது அரசில். எங்கள் தெருவில் எந்த வீட்டைக் கேட்டாலும் இதே கதைதான்.

சரி, திகதிக்கு வருவோம். 2022 மே மாதம் தந்தார்கள். அந்த மே மாதம் எப்படி இருந்தது என்று இலங்கையில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசை, எரிவாயுவுக்கு மூன்று நாள் வரிசை. டொலர் இல்லாமல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு. கண் வில்லையும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஓகஸ்டிலும் இல்லை. ஒக்டோபரில், "வெளியில் வாங்கித் தந்தால் செய்யலாம்" என்று ஒரு துண்டு தந்தார்கள். கொப்பித் தாளைக் கிழித்த துண்டு. அதில் ஒரு எண், பக்கத்தில் ஒரு பாமசியின் பெயர். தலைப்பு இல்லை, முத்திரை இல்லை, கையொப்பமும் இல்லை. வாழ்நாள் முழுக்க முத்திரை குத்தியவளுக்கு முத்திரை இல்லாத கடதாசியைக் கண்டால் வயிற்றைப் பிசையும். 11,800 ரூபா கொடுத்து வாங்கினேன். முழு விலை தெரிந்தால் அம்மா வேண்டாம் என்று எழும்பி வந்துவிடுவார் என்பதால் ஆயிரத்து எண்ணூறு என்று பொய் சொன்னேன்.

அந்தப் பெட்டியை இரவு முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு தீப்பெட்டி சேர்த்து வைத்த அளவு. ஒரு பக்கம் +21.5 என்று வில்லையின் வலு. பின்பக்கம் பொடி எழுத்தில் முகவரி: மதுரை, தமிழ்நாடு. டொக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்று 1976இல் 11 கட்டிலோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, வெளிநாட்டு வில்லைகளின் விலைக்குப் பயந்து 1992இல் தானே ஒரு தொழிற்சாலை போட்டு வில்லை செய்யத் தொடங்கியது. ஓரோலாப் என்று பெயர். அங்கிருந்துதான் வந்திருக்கிறது. விரல்கள் முடக்குவாதத்தில் கோணிப்போன ஒரு மனிதர் கண் சத்திரசிகிச்சையைப் பழகி, ஓய்வுபெறும் வயதில் புது வேலையைத் தொடங்கியிருக்கிறார். நான் ஓய்வு பெற்று என்ன செய்தேன் என்று அந்த இரவில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இன்னொன்றும் நினைத்தேன். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கம் மூலம் இலங்கையிலிருந்து பல நாடுகளுக்குக் கருவிழி தானமாகப் போகிறது. இறந்தவரின் கண்ணை உலகத்துக்கு அனுப்புகிற நாட்டில், உயிரோடு இருக்கும் என் அம்மாவின் கண்ணுக்கு ஒரு வில்லை இல்லாமல் ஐந்து மாதம் காத்திருந்தோம்.

சத்திரசிகிச்சை இருபது நிமிடம்கூட எடுக்கவில்லை. செய்த கை தங்கக் கை. மறுநாள் கட்டை அவிழ்த்தபோது அம்மா முதலில் கேட்டது, "பிள்ளை, உன் கன்னத்தில் எப்போது இந்தக் கறுப்பு வந்தது?" வாட்டில் இரவு வேலைக்கு நின்ற தாதி சிங்களப் பெண். தமிழ் பத்துச் சொல் தெரியும், எங்களுக்குச் சிங்களம் அதைவிடக் கொஞ்சம் கூடத் தெரியும். "அம்மே, கை வேண்டாம், கை வேண்டாம்" என்று அம்மா கண்ணைத் தொடப் போகும் போதெல்லாம் ஓடி வந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த மருந்துத் துண்டு மட்டும் ஆங்கிலமும் சிங்களமுமாக இருந்தது. எந்தத் துளி எத்தனை தரம் என்பதை வாசல் காவலாளி மொழிபெயர்த்தார். அவர் "நாலு" என்றது நாலு தரமா, நாலு துளியா என்று பஸ்ஸில் பாதி வழியில்தான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது.

இதை வாசித்துவிட்டு அரசு ஆஸ்பத்திரி கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023இல் ஒரு நள்ளிரவு என் கணவருக்கு நெஞ்சு வலி. 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய உதவியோடு தெற்கிலும் மேற்கிலும் தொடங்கிப் பிறகு நாடு முழுக்க வந்தது. உப்புவெளியில் எங்கள் ஒழுங்கைக்குள் வாகனம் திரும்ப இடமில்லை. இரண்டு பொடியன்கள் தூக்குக் கட்டிலோடு ஓடி வந்தார்கள். திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் இறங்கிய கையோடு நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். பெயரைக் கேட்டதே ஊசி போட்ட பிறகுதான். காசு என்ற சொல்லை அன்று இரவு யாருமே உச்சரிக்கவில்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் முன்னால் அந்தப் பக்கத்துச் சனம் இப்படியான இரவில் படகுப்பாதைக்குக் காத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அன்று வந்த வாகனத்தின் அருமை எனக்குத் தெரியும்.

பிள்ளைப்பேற்றிலும் அப்படித்தான். என் இரண்டு பிள்ளைகளும் தொண்ணூறுகளில், யுத்தத்துக்குள் பிறந்தவர்கள். குடும்பநல மாது, அதாவது அரசாங்க மருத்துவிச்சி, சைக்கிளில் வீட்டுக்கு வந்து, எங்கள் முற்றத்து மாமரக் கொப்பில் தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளையை நிறுத்து, அட்டையில் புள்ளி வைத்துவிட்டுப் போவார். ஊரடங்கு நாளில்கூட மறுநாள் வந்தார். இலங்கையில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தாய் மரணம் 2020 வாக்கில் முப்பதை ஒட்டி இருந்தது. இந்தியாவில் 2018–20 கணக்குப்படி 97, தமிழ்நாட்டில் மட்டும் எடுத்தால் 54. அந்தத் தராசுக்கு இதில் பங்கு உண்டு.

இடக்கண்ணை 2024இல் செய்ய வேண்டி வந்தபோது இன்னொரு முறை விளாம்பழ வரிசையில் நிற்க அம்மாவின் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. இரவு ரயிலில் கொழும்பு போனோம். தனியார் ஆஸ்பத்திரியின் வரவேற்புக் கூடம் ஹோட்டல் மாதிரி. தரையில் முகம் தெரிந்தது. பக்கத்து இருக்கையில் மாலைதீவுக் குடும்பம் ஒன்று. அவர்களுக்கு ஆசந்தா என்று ஓர் அரசாங்கக் காப்புறுதி 2012இலிருந்து இருக்கிறது. தங்கள் தீவில் முடியாத சிகிச்சைக்கு அரசாங்கமே காசு கட்டி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பிவைக்கிறது. அவர்கள் ஓர் அட்டையை நீட்டிவிட்டு உள்ளே போனார்கள். எங்களுக்கு ஒரு கண்ணுக்கு 2,65,000 ரூபா என்று அச்சடித்த கடதாசி தந்தார்கள். முத்திரை, கையொப்பம் எல்லாம் இருந்தது. அம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "இந்தக் காசுக்கு இந்தியாவுக்கே போய் வரலாம், தங்கச்சியையும் பார்க்கலாம்" என்றார்.

சின்னம்மா 1990இல் படகேறியவர். 34 வருடம். கடைசி ஐந்தாறு வருடம் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைத்ததோடு சரி.

மருத்துவ விசாவுக்கு ஆஸ்பத்திரியின் கடிதம் வேண்டும். மின்னஞ்சல் அனுப்பிய அரை மணி நேரத்தில் மதுரையிலிருந்து பதில் வந்தது. இங்கே எந்தத் தனியார் ஆஸ்பத்திரியும் எனக்கு அவ்வளவு விரைவாகப் பதில் எழுதியதில்லை. கட்டுநாயக்காவிலிருந்து மதுரைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம் போதும். திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்காவுக்குத்தான் ஏழு மணி நேரம்.

மதுரையில் நாங்கள் போன தனியார் ஆஸ்பத்திரியில் என் கவுண்டர் மனது நிறைந்துபோயிற்று. வாசலில் பதிவு, கையில் ஒரு கோப்பு. பிறகு யார் கடைசி என்று கேட்கத் தேவையே இல்லை. ஒரே நிறச் சேலை கட்டிய இளம் பெண்கள் கோப்பைப் பார்த்து ஆளை அடுத்த அறைக்கு அழைத்துப் போய்க்கொண்டே இருந்தார்கள். எட்டரைக்கு உள்ளே போனோம். கண் அழுத்தம், சீனி, இரத்த அழுத்தம், கண் நீள அளவு எல்லாம் முடிய மணி பதினொன்று. அதன்பின் ஆலோசகர் என்று ஒரு பெண், பந்து அளவு பிளாஸ்டிக் கண் ஒன்றைக் கழற்றிக் காட்டி, எது புரை, எங்கே வெட்டுவார்கள், வில்லை எப்படிச் சுருண்டு உள்ளே போய் விரியும் என்று பாடம் நடத்தினார். அம்மா அந்தக் கண்ணை வாங்கித் தானே திரும்பப் பூட்டிப் பார்த்தார். இரண்டு வருடம் முன்பு செய்த வலக்கண்ணுக்குள் என்ன நடந்தது என்பதை அம்மா அன்றுதான் தெரிந்துகொண்டார்.

பிறகு விலைப்பட்டியல். உறை போட்ட ஒரு தாளில் பலவகை வில்லைகள், மலிவிலிருந்து லட்சத்துக்குப் பக்கத்தில் வரை. நடுத்தரமாக ஒன்றைக் காட்டி 38,000 இந்திய ரூபாய் என்றார். சரி என்று தலையாட்டிப் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்ததும் கோப்பு வேறு மேசைக்குப் போனது. அங்கே அதே வில்லை, அதே டொக்டர், விலை மட்டும் 46,000. வெளிநாட்டவர் கட்டணமாம். எங்கள் கந்தோரிலும் வெளிநாட்டுத் தபாலுக்குக் கட்டணம் கூட. ஆனால் அது தூரத்துக்கு. நாங்கள் தூரத்தைக் கடந்து வந்து மேசைக்கு முன்னால் அல்லவா இருக்கிறோம்? இதை அப்படியே கேட்டேன். அந்தப் பெண் சிரித்தார். விலை குறையவில்லை. பட்டியல் வாசலிலேயே ஒட்டியிருக்க வேண்டும், இதுதான் அந்த ஆஸ்பத்திரிமேல் என் பெரிய முறைப்பாடு. இன்னொன்று, காசு கட்டிய பற்றுச்சீட்டைக் காணாமல் ஒரு சொட்டு மருந்துகூட விடவில்லை. பெயர் கேட்க மறந்த பெரியாஸ்பத்திரியை நினைத்துக்கொண்டேன்.

அந்த வில்லை அமெரிக்கத் தயாரிப்பு. மதுரை வில்லையைத் துண்டு கொடுத்து இலங்கையில் வாங்கிப் போட்டோம், மதுரைக்குப் போய் அமெரிக்க வில்லை போட்டோம். யாருக்குச் சொல்லிச் சிரிப்பது?

மொழி ஒன்றுதானே என்று நம்பிப் போனவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தாதி வந்து, "வலி இருக்கிறதா பாட்டி?" என்று கேட்டார். அம்மாவுக்கு "பாட்டி" என்றது பிடிக்கவில்லை. சிங்களப் பிள்ளைகூட அம்மே என்றுதானே கூப்பிட்டது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மனமிரங்கி, "நோகவில்லை, ஆனால் நித்திரை கொள்ள ஏலாது" என்றார். தாதிக்கு "ஏலாது" விளங்கவில்லை. ஏதோ ஏலக்காய் கேட்கிறார் என்று நினைத்துப் பக்கத்துத் தாதியைக் கூப்பிட்டார். ஆனால் துளி மருந்துத் தாள் அருமை. பெரிய தமிழ் எழுத்து, ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் கடிகாரப் படம். ஆறு தரம், பிறகு ஐந்து, நாலு என்று இறங்கி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் பார்த்துப் போடலாம். அந்தத் தாள் ஒன்று அச்சடிக்க என்ன செலவு வரும்? நம் நாட்டில் ஒவ்வொரு கண் வாட்டிலும் மூன்று மொழியிலும் தொங்க வேண்டியது அது.

முகாமுக்குள் நாங்கள் தங்க வழி இல்லை என்பதால் சின்னம்மா லொட்ஜுக்கு வந்தார். அதற்கு முன் மூன்று லொட்ஜுகளில் இலங்கைப் பாஸ்போர்ட் என்றதும் அறை இல்லை என்றார்கள். வெளிநாட்டவர் தங்கினால் நிரப்ப வேண்டிய படிவத்துக்குப் பயம். அம்மாவின் இடக்கண்ணில் பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது. சின்னம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, அம்மாவுக்கு வலப்பக்கமாகச் சுற்றிப் போய் நின்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு அம்மா, "உன் பல் எங்கே?" என்றார்.

சின்னம்மாவின் கதையையும் விமர்சனத்தில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அவர் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருக்கிறார். முகாமில் இருப்பவள் முகாமுக்குப் போனேன் என்று அவரே சொல்லிச் சிரித்தார். பரிசோதித்து, பஸ்ஸில் ஏற்றிப் போய், வெட்டி, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். காசு கட்டுபவர்களின் வரும்படியில் கட்டாதவர்களுக்குச் செய்வதுதான் அந்தக் கண் தரும ஆஸ்பத்திரிகளின் கணக்கு. என் 46,000இல் கொஞ்சமும் அப்படி யாருக்காவது போயிருந்தால் மன்னித்துவிடுவேன் என்று நினைத்தேன், நாங்கள் போன இடத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

சித்தப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு வந்தபோது முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான் காப்பாற்றியது. 2009இல் தொடங்கிய திட்டம். முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழரும் அதில் உண்டு. வைத்தியம் குறைவில்லாமல் நடந்ததாம். ஆனால் அதற்குமுன் ஓர் அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கு 200 ரூபாய், சக்கர நாற்காலிக்கு 100 ரூபாய் என்று கையை நீட்டியிருக்கிறார்கள். கொடுக்காவிட்டால் தள்ள ஆள் இல்லை. அட்டை லட்சக்கணக்கில் கட்டுகிறது, அந்த 200 ரூபாயை அட்டை கட்டாது. எங்கள் ஊழியர்கள் கொப்பியைக் கலைப்பார்கள், முகத்தைச் சுளிப்பார்கள், ஆனால் கட்டிலைத் தள்ளக் காசு கேட்டதை இத்தனை வருடத்தில் நான் கண்டதில்லை.

அங்கே எனக்குப் பொறாமை வந்தது ஒன்றே ஒன்றில். 2021 ஓகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சின்னம்மாவின் பிரஷர் குளிசையை மாதா மாதம் ஒரு பெண் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். எங்களுக்கு இது முடியாததா? 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்துகளைத் தபாற்காரர்கள்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பொதிகளைப் பெயர் பார்த்துப் பிரித்து அடுக்கியவர்களில் நானும் ஒருத்தி. முகக்கவசத்துக்குள் வேர்க்க வேர்க்க வேலை செய்தோம். ஒரு பொதி தவறவில்லை. ஊரடங்கு போனது, பழையபடி சனம் நாலரைக்குக் கொப்பியோடு வந்து நிற்கிறது. அந்த வேலையை ஏன் விட்டோம் என்று எனக்கு இன்னும் கோபம்.

இனிக் காசுக் கணக்கு. 46,000 இந்திய ரூபாய் எங்கள் காசில் ஒரு லட்சத்து அறுபத்தையாயிரத்துக்கு மேல். இரண்டு பேருக்கு விமானச் சீட்டு, ஏழு இரவு லொட்ஜ், சாப்பாடு, விசா, ஓட்டோ எல்லாம் கூட்டினால் 3,30,000 ரூபா. கொழும்பில் கேட்ட விலையைவிட 65,000 கூட. இந்தியா மலிவு, இந்தியா மலிவு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் டிக்கெட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதயம், புற்றுநோய் போன்ற பெரிய வைத்தியத்துக்கு அந்தக் கணக்கு வேறாக இருக்கலாம். ஒரு கண்ணுக்காக மட்டும் விமானம் ஏறாதீர்கள். அம்மாவிடம் 65,000ஐச் சொன்னேன். "அது கண்ணுக்கு இல்லை, தங்கச்சிக்கு" என்றார்.

இரண்டு வருடமாக யோசித்ததை என் தொழில் மொழியில் சொல்கிறேன். சாதாரணத் தபாலும் பதிவுத் தபாலும் ஒரே ரயிலில்தான் போகின்றன. கூடுதல் காசு கடிதத்துக்கு அல்ல, அது எங்கே நிற்கிறது என்று ஒருவர் பதில் சொல்வதற்கு. வலக்கண்ணை வெட்டிய கைக்கும் இடக்கண்ணை வெட்டிய கைக்கும் அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை, இரண்டு பார்வையும் ஒரே கூர்மை. மதுரையில் நான் வாங்கியது அந்தப் பிளாஸ்டிக் கண்ணை, கடிகாரத் தாளை, இரண்டரை மணி நேரத்தில் முடிந்த காலையை. சனல் பண்ணி வாங்கியது 11 நிமிடத்தை. அரசு ஆஸ்பத்திரியில் கண்ணே இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் பற்றிய இரண்டு வார்த்தை கிடைப்பதில்லை. அந்த இரண்டு வார்த்தைக்கு டொலர் தேவையில்லை, ஒரு மேசை, ஒரு கதிரை, தமிழும் சிங்களமும் தெரிந்த ஒரு பிள்ளை போதும்.

யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இப்படித்தான் சொல்வேன். அவசரம் என்றால் 1990, வேறு பேச்சே இல்லை. பிள்ளைப்பேற்றுக்கு அரசு ஆஸ்பத்திரி, குடும்பநல மாது சொன்னபடி கேளுங்கள். கண் புரைக்கு அரசு ஆஸ்பத்திரி, ஆனால் முதலில் ஒரு தரம் சனல் பண்ணிக் கேள்விகளை எல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொப்பிக்கு மேலே கல்லுக்குப் பதில் விளாம்பழம் வையுங்கள். வெளியில் வாங்கச் சொன்னால் துண்டில் பெயரும் கையொப்பமும் கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள், நான்தான் கேட்கவில்லை.

இனி ஒரு சின்ன விஷயம், விலைப்பட்டியலில் யாரும் சொல்லாதது. மதுரையில் போட்ட வில்லை லேசான மஞ்சள் கலந்தது. வெயிலின் நீல ஒளியைக் குறைக்குமாம். வலக்கண்ணில் இருப்பது நிறமில்லாதது. போன வாரம் டச்சுக்குடாக் கடற்கரையில் அம்மா ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "வலக்கண்ணில் காலை பத்து மணி, இடக்கண்ணில் பின்னேரம் நாலு மணி" என்றார். இப்போது சேலை பார்க்கக் கடைக்குப் போனால் இடக்கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டுதான் நிறம் சொல்கிறார். கடைக்காரப் பையன் பயந்து என்னைப் பார்க்கிறான். மீன் சந்தையில் மட்டும் இரண்டு கண்ணும் திறந்தபடி.